பழஞ்செல்வ நூல்வரிசையும் தமிழிலக்கிய வரலாறும்

ஒரு பொருளைத் தொகுத்துக் கூறுதல், வகுத்துக் கூறுதல், விரித்துக் கூறுதல் என்னும் மூன்றும் தமிழாசிரியர் தொன்றுதொட்டுக் கைக்கொண்டு வந்த முறைகளாம். நம்பியாரூரர் அருளிச்செய்த திருத்தொண்டத்தொகை தொகையாய் நிற்ப, நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதி அதன் வகையாயிற்று. சேக்கிழார் பெருமானின் திருத்தொண்டர் புராணம் அதன் விரியாயிற்று. தொகை பெயரைத் தரும். வகை அவ்வவர்க்குரிய சிறப்படையாளத்தைத் தரும். விரி வரலாற்றைத் தரும். தொகை யொன்றே பயின்றான் அடியார் பெயரை அறிவானேயன்றி, அவர்தம் காலமும் இடமும் செயலும் அறிவானல்லன்.

இம்முறை அருணூல்களைக் கற்பார்க்கே உரியதன்று. பதிப்பகம் ஒன்று ஒரே நோக்கங்கொண்டு வரிசையாக வெளியிட்ட சிறு வரலாற்று நூல்களைத் தேடிச் சேர்ப்பார்க்கும் இது பெரிதும் பயன்படுவதாம். நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று அலமாரியில் நிறுத்துதல் தொகை. அவற்றை ஆண்டு முறையானும் பொருள் முறையானும் பாகுபடுத்திக் காணுதல் வகை. இது முன்னர் வந்தமைக்கும் அது பிற்பட்டமைக்கும் காரணம் யாதென்று ஆராய்தல் விரி. நூல்வரிசை சேர்ப்பாருட் பலர் முதற்படியோடே அமைந்து விடுகின்றனர். எண்ணிக்கை நிரம்பியவுடன் வரிசை நிரம்பிற்று என்றும், வரிசை நிரம்பியவுடன் அப்பொருள்பற்றிய அறிவும் நிரம்பிற்று என்றும் அவர் கொள்ளுவர். அஃது எத்துணைப் பொருந்தும் என்பதனை, சைவ மக்கள் பலரும் கேள்வியுற்ற ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வரிசையின் தோற்றமும் நோக்கமும்

‘ஹெரிடேஜ் ஆப் இந்தியா ஸீரீஸ்’ என ஆங்கிலத்தில் வழங்கியதும், ‘இந்தியாவின் பழஞ்செல்வ வரிசை’ எனத் தமிழிற் கூறத்தக்கதுமாகிய நூற்றொகுதி, 1915-ஆம் ஆண்டளவில் தொடங்கிற்று. வெளியிட்டோர் கல்கத்தாவில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சார்ந்த அசோசியேஷன் பிரஸ் என்னும் பதிப்பகத்தார். ஆக்ஸ்போர்டு யூனிவர்ஸிட்டி பிரஸ்ஸார் அவர்க்குத் துணையாய் நின்றனர். பிற்காலத்து நூல்கள் ஒய். எம். ஸி. ஏ. பப்ளிஷிங் ஹவுஸ் என்னும் பெயரோடு வெளிவந்தன.

பொதுப் பதிப்பாசிரியராய் அமர்ந்தோர் இருவர். ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு அபர்தீனிற் பிறந்து, 1891-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த ஜே. என். பார்க்குவர், இந்திய நாட்டுச் சமய இலக்கியங்களைப்பற்றி 1920-ஆம் ஆண்டில் பெருநூலொன்று வெளியிட்டவர். மற்றவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையிற் பிறந்து, 1912-ஆம் ஆண்டில் தோர்ணக்கல் அத்தியட்சராய் அமர்ந்த வே. சா. அசரியா. ஆகவே, இவ்வரிசையை நடத்திய இருவருள் ஒருவர் தமிழர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வரிசையின் நோக்கத்தைப் பதிப்பாசிரியர் ஒரு முன்னுரையில் வெளிப்படக் கூறினர். இந்திய நாட்டுப் பண்டை நூல்களையும் கலைகளையும் புலவர் பலர் ஆராய்ந்து வைத்தாராயினும், அவ்வாராய்ச்சி நூல்கள் விலை மிக்கனவாகவும் பொதுமக்கட்கு எட்டாத கடின நடையினவாகவும் உள்ளன. ஆதலின் செல்வரும் வறியரும் ஒப்ப வாங்கிக் கற்கத்தக்க சிறு நூல்கள் வேண்டும் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு நூலும் இரண்டு உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்படும் என்றும் அவர் உறுதி கூறினர். ஒன்று புலமைத் தகுதி. மற்றொன்று பொருளின்பால் இசைவுள்ள நோக்கம். ஆயினும் அதே முன்னுரையில், இந்நாட்டுப் பழஞ்செல்வத்துட் பயனற்றனவும் தீங்கு விளைப்பனவும் பல உள என்னும் தீர்ப்பையும் அவர் சேர்த்தே எழுதினர். இசைவுள்ள நோக்கம் வேண்டுமென்பாரும் எடைக்கோலைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர் என்பது இதனாற் போதரும். தொகுப்பார் இவ்விரண்டனையும் ஒருங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். நன்மையை மறுத்தல் நன்றியின்மையாம். எடைக்கோல் யார் கையிலிருந்தது என்பதனை மறத்தல் ஆராய்ச்சியின்மையாம்.

தொகை

இனி, இவ்வரிசையில் வெளிவந்தவற்றுள் முதன்மையான சிலவற்றைத் தொகுத்துரைப்பாம். கே. ஜே. ஸாண்டர்ஸ் பௌத்தத்தைப்பற்றி எழுதிய நூல் 1915-ஆம் ஆண்டினது. ஜே. எம். மக்பெயில் எழுதிய அசோகர் வரலாறும், பெர்ஸி பிரௌன் எழுதிய இந்திய ஓவியமும், ஏ. பி. கீத் எழுதிய சாங்கிய நூலும் 1918-ஆம் ஆண்டளவில் வெளிவந்தன. மராட்டிய அடியார் பாடல்களை நிக்கல் மக்னிக்கல் 1919-ஆம் ஆண்டில் மொழிபெயர்த்தார். கீத் எழுதிய கருமமீமாஞ்சை 1921-ஆம் ஆண்டிலும், ஸி. ஜே. பிரௌன் எழுதிய இந்திய நாணயங்கள் 1922-ஆம் ஆண்டிலும், இருக்குவேதப் பாடல்களின் மக்டொனல் மொழிபெயர்ப்பு அதே 1922-ஆம் ஆண்டிலும் வந்தன.

இவற்றைச் சேர்ப்பார்க்கு நேரும் இடர்கள் மூன்று. முதலாவது, வரிசை மயக்கம். இதே பதிப்பகத்தார் வேறு வரிசைகளும் வெளியிட்டனர். சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னாட்டுக் கிராம தேவதைகளைப்பற்றிய நூல் இந்தியச் சமய வாழ்க்கை என்னும் வரிசையினது. கெல்லக் 1926-ஆம் ஆண்டில் வெளியிட்ட மகாதேவ கோவிந்த ராணடே வரலாறு தற்கால இந்தியாவை அமைத்தோர் என்னும் வரிசையினது. பதிப்பகப் பெயரை மட்டும் நோக்குவார் இவற்றைப் பழஞ்செல்வ வரிசையோடு கலந்துவிடுவர்.

இரண்டாவது, பதிப்பு மயக்கம். இ. பி. ரைஸ் எழுதிய கன்னட இலக்கிய நூல் 1921-ஆம் ஆண்டில் திருத்தியும் பெருக்கியும் இரண்டாம் பதிப்பாக வந்தது. 1982-ஆம் ஆண்டில் தில்லியில் மறு அச்சும் பெற்றது. பெயர் ஒன்றே என்று கருதி ஒரு படியே போதுமென்பார், ஆசிரியர் தம் கருத்தை யாண்டுத் திருத்தினார் என்பதனை அறியமாட்டார்.

மூன்றாவது, முகப்புப் பக்கங்களின் இழப்பு. இவ்வரிசை நூல்களின் முகப்பில், வெளிவந்தவை இவை, எழுதப்படுவன இவை என்று இரண்டு பட்டியல்கள் அச்சிடப்பெற்றன. நாட்டு மொழிகளின் இலக்கிய வரலாறுகள் என்பதும் அவற்றுள் ஒரு வகுப்பு. அறிவிக்கப்பெற்றவை யெல்லாம் வெளிவந்தில. நூலகத்தார் புத்தகங்களை மறுகட்டடம் செய்விக்கும்போது இத்தகைய பக்கங்கள் பயனற்றனவென்று களையப்படுதல் உண்டு. அவை களையப்படின், வந்த நூல் யாது என்பது தெரியுமேயன்றி, வரவேண்டியிருந்து வாராத நூல் யாது என்பது தெரியாது. பதிப்பாசிரியர் கருத்தை அறிதற்கு அவ்விளம்பரப் பக்கங்களே சான்றாம்.

வகை

தொகையை இவ்வளவில் நிறுத்தி, நாட்டு மொழிகளைச் சார்ந்த நூல்களை மட்டும் இரண்டு கூறாக வகுத்துக் காண்பாம். ஒரு கூறு, ஒரு மொழியின் இலக்கியம் முழுமைக்கும் வரலாறு கூறுவது. மற்றொரு கூறு, ஒரு மொழியிலுள்ள பாடல்களைத் தெரிந்தெடுத்து மொழிபெயர்த்துத் தருவது.

இலக்கிய வரலாற்றுக் கூற்றில், கன்னடத்திற்கு ரைஸ் எழுதிய நூல் முற்பட நிற்கின்றது. ஹிந்திக்கு எப். இ. கீ எழுதியது 1920-ஆம் ஆண்டிலும், தெலுங்கிற்குப் பி. செஞ்சையாவும் ராஜா புஜங்கராவும் சேர்ந்தெழுதியது 1928-ஆம் ஆண்டளவிலும், உருதுவிற்குக் கிரகாம் பெய்லி எழுதியது 1932-ஆம் ஆண்டிலும் வந்தன.

பாடற் கூற்றில் தமிழுக்கு வாய்த்தவை மூன்று. எப். கிங்ஸ்பரியும் ஜி. இ. பிலிப்ஸும் சேர்ந்து வெளியிட்ட தமிழ்ச் சைவ அடியார் பாடல்கள் 1921-ஆம் ஆண்டினது. ஜே. எஸ். எம். ஹூப்பர் வெளியிட்ட ஆழ்வார் பாடல்கள் 1929-ஆம் ஆண்டினது. ஈரோட்டில் ஊழியம் செய்தவரும் தமிழிசை பயின்றவருமாகிய எச். ஏ. பாப்லி வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பு 1931-ஆம் ஆண்டினது. பாப்லியே இந்திய இசையைப்பற்றி எழுதிய நூலும் 1921-ஆம் ஆண்டில் இவ்வரிசையில் வந்தது.

இவ்வாறு வகுத்தவளவிலே ஓர் உண்மை புலப்படுகின்றது. தமிழின் பாடல்களுக்கு மூன்று நூல் வகுத்த வரிசை, தமிழிலக்கிய வரலாற்றிற்கு 1932-ஆம் ஆண்டுவரை ஒரு நூலும் வகுத்திலது. பூக்கள் கொய்யப்பெற்றன, அவற்றைக் கோக்கும் நார் கிடைத்திலது. தொகையளவில் நின்றார்க்கு இது தோன்றாது. தமிழ் நூல்கள் பல உளவென்றே அவர் மகிழ்ந்திருப்பர்.

தந்தையாரும் மைந்தரும்

அவற்றுட் சைவ அடியார் பாடல்நூலை வெளியிட்ட இருவரும் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியைச் சார்ந்தவர். பிரான்ஸிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரைக் கேட்டு அவரை அயல்நாட்டவரென்று கருதுவார் உளர். அவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களின் மைந்தர். 1873-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அழகசுந்தரம் என்னும் இயற்பெயருடையவர்.

தாமோதரம் பிள்ளையவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, 1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய்த் தேறியவர். பின்னர்ச் சைவராய் வாழ்ந்தவர். தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868-ஆம் ஆண்டிலும், வீரசோழியத்தை 1881-ஆம் ஆண்டிலும், இறையனார் அகப்பொருளையும் தணிகைப் புராணத்தையும் 1883-ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887-ஆம் ஆண்டிலும் அச்சிற் பதிப்பித்த பேருபகாரி. தந்தையார் ஏட்டுச்சுவடியிற் கிடந்தவற்றை அச்சேற்றித் தமிழர்க்கு அளித்தார். சமயம் மாறிய மைந்தரோ, தம் முன்னோர் ஓதிய தேவார திருவாசகங்களைத் தெரிந்தெடுத்து ஆங்கிலம் வல்லார்க்கு அளித்தார். சமயத்தால் வேறுபட்டு நின்றும் இருவரும் தமிழ்ப் பழஞ்செல்வத்தைத் தொகுக்கும் தொழிலிலே ஒன்றுபட்டனர். இவ்வொற்றுமை அட்டையிற் காணப்படுவதன்று. ஆசிரியர் வரலாற்றை வினாவியறிவார்க்கே விளங்குவது.

அந்நூலின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. திருஞானசம்பந்தர் முன்னும், திருநாவுக்கரசர் அதன்பின்னும், சுந்தரர் அதன்பின்னும், மாணிக்கவாசகர் இறுதியிலுமாக நிற்கின்றனர். இது திருமுறை வைப்பு முறை. முதன் மூன்று திருமுறையும், அடுத்த மூன்றும், ஏழாவதும், எட்டாவதும் இந்நிரலே யாம். ஆனால் இது கால முறையன்று. நாவுக்கரசர் சம்பந்தரினும் மூத்தவர் என்பதும், அவரைப் பிள்ளையார் அப்பரே என்றழைத்தார் என்பதும் புராணம் வல்லார் அறிவர். பாடற்றொகை செய்வார்க்குத் திருமுறை நிரலே போதும். காலத்தைத் துணியாமலே அவர் தம் தொழிலை முடிக்கலாம். வரலாறு எழுதுவார்க்கோ அந்நிரல் போதாது. யார் முன்னர், யார் பின்னர் என்று துணிந்தாலன்றி அவர் எழுதுகோல் முதற்பக்கத்தைத் தாண்டாது.

விரி

தமிழிலக்கிய வரலாறு இவ்வரிசையில் ஏன் பிற்பட்டது என்னும் வினாவிற்கு விடைகாணும் வாயில் ஈண்டே உளது. கிறிஸ்தவப் பதிப்பாசிரியர் தமிழை வேண்டுமென்றே புறக்கணித்தனர் என்பார் உளராயின், அவர் கூற்று நில்லாது. பதிப்பாசிரியருள் ஒருவர் தமிழர். தமிழ்ப்பாடற்கு மூன்று நூல்கள் வகுக்கப்பெற்றன. பாடலே தமிழின் பெருமை, வரலாறு வேண்டா என்பாரது கூற்றும் நில்லாது. வரலாறில்லாத பெருமையைப் பிறர் ஒப்பார். காரணம் இதுவொன்றே என்று அறுதியிடல் சாலாதாயினும், அக்காலத்துத் தமிழாராய்ச்சி நின்ற நிலையே பெரிதும் தடையாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பிற மொழிகளில் வரலாறு எழுதுவார்க்கு நிலம் முன்னரே பண்படுத்தப்பெற்றிருந்தது. கன்னடப் புலவர் வரலாறு கூறும் கர்நாடக கவிசரிதையின் முதற்பகுதி 1907-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டினதாகிய கவிராஜமார்க்கம் அம்மொழிக்குக் காலம் துணியப்பெற்ற ஒரு தூணாய் நின்றது. ஆகவே ரைஸ், சமணர் காலம், வீரசைவர் காலம், வைணவர் காலம் எனப் பகுத்துச் செல்லுதல் எளிதாயிற்று. ஹிந்திக்குக் கிரியர்ஸன் 1889-ஆம் ஆண்டிலேயே நாட்டு மொழி இலக்கியங்களை நிரல்படுத்தி நூல் வெளியிட்டார். மிசிரபந்துக்களின் தொகுப்பு 1913-ஆம் ஆண்டில் வந்தது.

தமிழின் நிலை வேறு. புலவர் வரலாறுகளைத் தொகுத்த நன்முயற்சிகள் இங்கும் இருந்தன. சைமன் காசிச்செட்டியின் தமிழ் புளூட்டார்க் 1859-ஆம் ஆண்டிலும், ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் 1886-ஆம் ஆண்டிலும் வந்தன. ஆயின் இரண்டும் அகரவரிசையிற் புலவர் பெயரை நிறுத்தியவை. திருமுறை நிரலைப்போலவே அகரவரிசையும் காலத்தைத் துணியாது செல்லுதற்கு ஒரு வழியாம்.

காலத்தைத் துணிவதில் இருந்த இடர்ப்பாடு சிறிதன்று. திருஞானசம்பந்தர் காலத்துப் பாண்டியனைக் கால்டுவெல் பதின்மூன்றாம் நூற்றாண்டினனாகக் கருதினார். அதனை மறுத்து, சம்பந்தர் காலம் அதனினும் பன்னூறாண்டு முற்பட்டது எனத் திருவனந்தபுரம் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் நாட்டிய ஆராய்ச்சி 1895-ஆம் ஆண்டில் நூலாய் வெளிவந்தது. சிறுத்தொண்டர் வாதாபியைத் துகளாக்கினார் எனச் சேக்கிழார் கூறுதலையும், பல்லவ மன்னன் முதலாம் நரசிங்கவர்மன் 642-ஆம் ஆண்டில் வாதாபியைக் கைக்கொண்டதனையும் கல்வெட்டறிஞர் வெங்கையா இணைத்துக் காட்டினார். சிறுத்தொண்டரைச் சம்பந்தர் தம் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திற் குறித்தலின், அவர் ஏழாம் நூற்றாண்டினர் என்பது வலியுற்றது. ஓர் ஆசிரியர் காலம் இவ்வாறு அறுநூறு ஆண்டு மேலேறிற்று.

மாணிக்கவாசகர் காலமோ இன்னும் பெரிய வழக்கிற்கு இடமாயிற்று. மறைமலையடிகள் 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்னும் பெருநூலில் அவரை மூன்றாம் நூற்றாண்டினர் என நிறுவப் புகுந்தனர். திருக்கோவையாரில் வரகுணன் பெயர் வருதல்கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பார் பிறர். ஒரே ஆசிரியர்க்கு அறுநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு இருக்கைகள் இடப்பெற்றிருந்தன. நூறு பக்கத்திற் சிறு வரலாறு எழுதப் புகுவான் அவரை மூவர்க்கு முன் வைப்பதா, பின் வைப்பதா? முன் வைப்பின் ஒரு சாரார் நூலையே தள்ளுவர். பின் வைப்பின் மற்றொரு சாரார் தள்ளுவர். பாடற்றொகை வெளியிட்டார் இருவரும் திருமுறை நிரலைப் பற்றிக்கொண்டு இவ்விடரைக் கடந்தனர். வரலாற்றாசிரியனுக்கு அவ்வாயிலும் இல்லை.

சங்க நூல்களும் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளிவந்து கொண்டிருந்தன. உ. வே. சாமிநாதையரவர்களின் பரிபாடற் பதிப்பு 1918-ஆம் ஆண்டினது. குறுந்தொகைப் பதிப்பு 1937-ஆம் ஆண்டினது. தனி முயற்சியாக மு. சி. பூரணலிங்கம் பிள்ளையவர்கள் 1904-ஆம் ஆண்டிலும், விரிவுபடுத்தி 1929-ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் தமிழிலக்கிய வரலாறு எழுதினார். அவை இவ்வரிசைக்குப் புறம்பானவை.

வெற்றிடத்தின் விளைவு

இவ்வெற்றிடத்தால் விளைந்தது யாது? தமிழ் அறியாது ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் ஒருவன் 1932-ஆம் ஆண்டில் இவ்வரிசையை முழுவதும் வாங்கிப் படித்தான் என்று கொள்வாம். கன்னடத்தார்க்கும் ஹிந்தியார்க்கும் தெலுங்கர்க்கும் உருதுவார்க்கும் இலக்கிய வரலாறு உண்டென்று அவன் அறிவான். தமிழர்க்கு உருக்கமான பாடல்கள் உண்டென்று மட்டும் அறிவான். அப்பாடல்களுக்கு முன்னிருந்த சங்கச் செய்யுள் இவை, உடனிருந்த அரசியல் இது, பின்னெழுந்த புராணமும் சாத்திரமும் இவை என்னும் தொடர்பை அவன் காணான்.

மெய்ந்நூற் பகுதியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. சாங்கியத்திற்கும் கருமமீமாஞ்சைக்கும் இவ்வரிசையில் தனிநூல்கள் அமைந்தன. மெய்கண்ட சாத்திரங்களைக் கற்க விரும்பிய பிறநாட்டார் இவ்வரிசைக்குப் புறத்தே செல்லவேண்டியவராயினர். ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1895-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிவஞானபோத மொழிபெயர்ப்பும், ஷோமெருஸ் 1912-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சைவசித்தாந்த நூலும், வயலட் பரஞ்சோதி 1938-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட சைவசித்தாந்த நூலுமே அவர்க்குத் துணையாயின. பதிகம் ஒரு வரிசையிலும் அதன் மெய்ப்பொருள் ஆராய்ச்சி வேறிடத்திலும் நின்றமையால், சைவம் உணர்ச்சியளவினதே, அளவைநூல் வழியாக நிறுவப்பெற்றதன்று என்னும் பிழைபாடு அயலார்க்கு எளிதில் உண்டாகும். யாரும் தீங்கு கருதிச் செய்திலர். ஆயினும் தொகையின் குறை பொருளின் குறையாகக் கருதப்படுதற்கு இடமாயிற்று.

1961-ஆம் ஆண்டு

வரிசை 1932-ஆம் ஆண்டோடு முடிந்ததென்று தம் தொகுப்பை மூடிவிட்டார் ஒரு முதன்மையான நூலை இழந்தவராவர். தமிழிலக்கிய வரலாறு 1961-ஆம் ஆண்டில் இதே வரிசையில் வெளிவந்தது. எழுதினோர் சி. ஜேசுதாசனும் ஹெப்ஸிபா ஜேசுதாசனும் ஆகிய கணவன் மனைவியர். திருவனந்தபுரத்திற் பேராசிரியராய் விளங்கியோர். அம்மையார் ‘புத்தம் வீடு’ என்னும் நாவலை 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டுத் தமிழுலகில் நற்பெயர் பெற்றவர். சைவ அடியார் பாடல்நூல் வந்த 1921-ஆம் ஆண்டிற்கும் இதற்கும் இடையே நாற்பதாண்டு கழிந்தது.

இந்நாற்பதாண்டும் வீண்போயினவல்ல. சங்க நூல்கள் நற்பதிப்புப் பெற்றன. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935-ஆம் ஆண்டில் தொடங்கி வெளிவந்தது; கல்வெட்டுக்கள் இலக்கியத்திற்குக் காலவரையறை தரத் துணையாயின. வையாபுரிப் பிள்ளையவர்களின் ஆங்கில நூல் 1956-ஆம் ஆண்டில் வந்தது. அவர் கூறிய காலங்களை ஒவ்வாதாரும், மறுத்துரைத்தற்கேனும் ஆண்டுகளை நாடவேண்டியவராயினர். 1921-ஆம் ஆண்டில் இல்லாத நிலம் 1961-ஆம் ஆண்டில் இருந்தது. சம்பந்தர் காலத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து சுந்தரம் பிள்ளையவர்கள் ஆங்கிலத்தில் ஆராய்ந்து நூலாக்கி அறுபத்தாறு ஆண்டு கழித்து, அதே ஊரிலிருந்தோர் முழு வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி இவ்வரிசையை நிறைவித்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இதன்பின் தடை நீங்கிற்று. தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் ஆங்கில வரலாறு 1965-ஆம் ஆண்டிலும், சாகித்திய அகாதெமி வெளியிட்ட மு. வரதராசனாரின் தமிழிலக்கிய வரலாறு 1972-ஆம் ஆண்டிலும் வந்தன. பின்னது தமிழிலேயே எழுதப்பெற்றது. எடைக்கோல் இப்போது தமிழர் கைக்கே வந்தது; அதனை நடுநின்று பிடித்தல் அவர் கடனாயிற்று.

தொகுப்பார் கடன்

பழஞ்செல்வ வரிசை நூல்களுட் பல இக்காலத்து மின்னுருவாக்கப்பெற்று விலையின்றியே படிக்கக் கிடைக்கின்றன. அதனால் தொகுப்பார் தொழில் ஒழிந்ததென்று கருதற்க. நூலை அடைதல் எளிதாயினமையின், வகுத்தலும் விரித்தலுமே இனி அவர்க்குரிய தொழிலாயின. முதற்பதிப்பையும் திருத்திய பதிப்பையும் ஒப்பிடுதல், முகப்புப் பட்டியலில் அறிவித்தவற்றையும் உண்மையில் வந்தவற்றையும் எதிர்நிறுத்தல், ஆசிரியர் இன்னார், எவ்வூரார், எவர் மைந்தர் என்று ஆராய்தல், வாராத நூலின் இடத்தை ஒரு தாளிலேனும் குறித்து வைத்தல் ஆகிய இவை செய்யத்தக்கன.

திருமுறை தொகுத்த வரலாறு இதற்கு வழிகாட்டியாய் உளது. தில்லையில் நம்பியாண்டார் நம்பிகள் முன்னிலையிற் சுவடி யறை திறக்கப்பெற்றபோது ஏடுகளிற் பல செல்லரித்துக் கிடந்தன என்றும், எஞ்சியவையே திருமுறையாகத் தொகுக்கப்பெற்றன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். பெற்றது இவ்வளவே, இழந்தது பெரிது என்பதனை மறையாமற் சொல்லியே அத்தொகை நம் கையில் வந்தது. அதனாலன்றோ இன்றும் ஒரு கல்வெட்டிலோ ஓலையிலோ புதிய பதிகம் ஒன்று கிடைக்குமோ என்று அறிஞர் தேடுகின்றனர்; திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிற் சம்பந்தர் பதிகமொன்று பிற்காலத்துக் கிடைத்ததும் அவ்வாறே. தொகையுள் நின்ற வெற்றிடத்தை அறிந்தவரே அதனை நிரப்ப முயலுவர். நூல்வரிசை சேர்ப்பாரும் தாம் பெற்றதோடு பெறாததையும் எழுதிவைப்பாராயின், அவர் தொகுப்பு பின்வருவார்க்கு வரலாறாகப் பயன்படும்.